‘அவர்தான் கேட்டார்’ என்பது ஏன் தற்காப்பு ஆகாது

“வாங்க வந்தவரே மாறுவேட அதிகாரி. விடாமல் கேட்டார், அதனால்தான் கொடுத்தேன்.” இந்த ஒரு வாதத்தை வைத்துச் சிங்கப்பூரில் போதைப்பொருள் வழக்கிலிருந்து விடுதலை பெற முடியாது. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும்போது இதைச் சொல்லிப் பார்க்கலாம், வழக்குத் தொடுப்பதை முடிவு செய்யும் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் சேர்க்கலாம். குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் இது பதில் ஆகாது. அமெரிக்கத் தொடர்களைப் பார்த்தவர்களும் யூடியூபில் வெளிநாட்டு வழக்கறிஞர்களைக் கேட்டவர்களும் இதை ஏற்றுக்கொள்ளத் தயங்குவார்கள். இன்னொரு நம்பிக்கையும் ஊரெல்லாம் உலவுகிறது: “நீ போலீஸா?” என்று நேராகக் கேட்டுவிட்டால் மாறுவேட அதிகாரி உண்மையைச் சொல்லியாக வேண்டுமாம். அப்படி ஒரு சட்டம் இங்கே கிடையாது, அமெரிக்காவிலும் கிடையாது.

கைதானவர்களின் குடும்பங்கள் “மாட்டிவிட்டார்கள்” என்று சொல்லும்போது, மூன்று வெவ்வேறு சங்கதிகள் அதற்குள் கலந்து கிடக்கும். முதலாவது, ‘என் பையில் யாரோ வைத்துவிட்டார்கள், அது இருப்பதே எனக்குத் தெரியாது’. இரண்டாவது, ‘பொட்டலம் இருப்பது தெரியும், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது, அல்லது வேறு ஏதோ என்று நம்பினேன்’. மூன்றாவது, ‘எல்லாம் தெரியும், செய்ததும் நான்தான், ஆனால் என்னைச் செய்யவைத்தவர் அரசாங்க ஆள்’. சட்டம் பொறிவைத்தல் என்று பேசுவது இந்த மூன்றாவதைத்தான். முதல் இரண்டும் இங்கே முழுமையான தற்காப்புகள். நிரூபித்தால் விடுதலைகூடக் கிடைக்கும். 2019இல் அடிலி சிபுய்கே எஜிகே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெட்டியின் உறைக்குள் பொட்டலம் இருந்ததே தெரியாதவரிடம் அது ‘வசம் இருந்தது’ என்று சொல்ல முடியாது எனக் கூறி விடுதலை செய்தது. 2020இல் கோபி அவேடியன் வழக்கில், தான் கொண்டுவந்தது சாக்லெட்டில் கலக்கும் மென்மையான போதைப்பொருள் என்று நம்பியதாக அவர் சொன்னதை அரசுத் தரப்பு முறியடிக்க முடியவில்லை. மரண தண்டனை போய், குறைந்த குற்றச்சாட்டில் 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் ஆயிற்று. இரண்டிலும் பேச்சு அறிவைப் பற்றியது. தூண்டுதல் அங்கே வாதமே இல்லை.

மூன்றாவது கதையைச் சொல்கிறவர் முதல் இரண்டு கதைகளையும் தன் கையாலேயே கிழித்துப்போடுகிறார். தெரியும் என்கிறார், கொடுத்தேன் என்கிறார். அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டிய எல்லாவற்றையும் தட்டில் வைத்து நீட்டிவிட்டு, ‘ஆனால்’ என்று தொடங்குகிறார். அந்த ‘ஆனால்’ சிங்கப்பூரில் செல்லாது.

ஏன் செல்லாது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அன்று இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1979இல் சாங் வழக்கில், பொறிவைத்தல் தற்காப்பு அல்ல, அப்படிக் கிடைத்த சாட்சியத்தை அந்தக் காரணத்துக்காக ஒதுக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் இல்லை என்றது. அதே வழியில் 1991இல் ஹெள போ சன் என்ற போதைப்பொருள் வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்றது. இடையில் 1997இல் ஒரு சலனம். குறுந்தகடு நகலெடுப்பு தொடர்பான எஸ்எம் சமிட் வழக்கில், தனியார் துப்பறிவாளர்களே குற்றத்தைத் தூண்டி நடத்திவைத்ததால், அந்தச் சாட்சியத்தை ஒதுக்க இடமுண்டு என்று தலைமை நீதிபதி யோங் பங் ஹாவ் சொன்னார். பத்து ஆண்டுகள் வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பைப் பிடித்துத் தொங்கினார்கள்.

2007இல் கதவு மூடப்பட்டது. இத்தனைக்கும் அது போதைப்பொருள் வழக்கு அல்ல. வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து தருவதற்குத் தரகு கொடுத்ததாக ஒரு வழக்கறிஞர்மீது வந்த ஒழுங்கு நடவடிக்கை. சட்டச் சங்கம் எதிர் டான் குவாட் நியோ ஃபில்லிஸ் என்ற அந்த வழக்கைத் தலைமை நீதிபதி சான் செக் கியோங் உள்ளிட்ட மூவர் அமர்வு கேட்டது. அவர்கள் சொன்னதன் சாரம் இரண்டு. ஒன்று, சாட்சியச் சட்டப்படி தொடர்புடைய சாட்சியம் ஏற்கப்பட வேண்டியதே. அது கிடைத்த வழி அசிங்கமானது என்பதற்காக ஒதுக்க முடியாது. அதன் பாரபட்ச விளைவு அதன் மெய்ப்பிக்கும் வலுவைவிட அதிகமாக இருந்தால்தான் ஒதுக்கலாம். பொறிவைத்துக் கிடைத்த சாட்சியத்துக்கோ மெய்ப்பிக்கும் வலு எப்போதும் அதிகம்: அதிகாரியே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். இரண்டு, யார்மீது வழக்குத் தொடுப்பது என்பது அரசமைப்புச் சட்டம் 35(8)இன்படித் தலைமைச் சட்ட அதிகாரியின் அதிகாரம். குற்றம் நடந்தது உண்மை என்றபோது, தூண்டியவர் அரசாங்க ஆள் என்பதற்காக நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைத்தால் அது அந்த அதிகாரத்துக்குள் கைவைப்பதாகும்.

இந்த இரண்டாவது காரணத்தில்தான் சிங்கப்பூர் தன் தாய்ச்சட்டத்தை விட்டு விலகியது. இங்கிலாந்து 2001இலேயே லூஸ்லி வழக்கில் மாறிவிட்டது. அதுவும் ஹெராயின் வழக்குதான். காவல்துறை ஒரு சாதாரண வாடிக்கையாளர் செய்வதற்கு மேல் எதுவும் செய்யவில்லை என்றால் வழக்கு தொடரும். அதைத் தாண்டி ஆளைக் குற்றத்துக்குள் இழுத்திருந்தால் வழக்கு நிறுத்திவைக்கப்படும். லூஸ்லிக்குத் தோல்வி. அவருடைய வழக்கோடு சேர்த்துக் கேட்கப்பட்ட மற்றொன்றில், அதிகாரிகள் மலிவு விலைச் சிகரெட்டைக் காட்டி ஆசை மூட்டி, பிறகு ஹெராயின் கேட்டு நச்சரித்திருந்தார்கள். அதை நிறுத்திய நீதிபதி செய்தது சரியே என்றார்கள்.

மற்ற நாடுகள் வேறு வேறு வழியில் போயின. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் ஷெர்மன் வழக்கு: போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறும் இருவர் மருத்துவரிடம் சந்திக்கிறார்கள். ஒருவர் அரசாங்கத்துக்குத் துப்புக் கொடுப்பவர். ‘மருந்து பலிக்கவில்லை, எங்காவது வாங்கித் தா’ என்று திரும்பத் திரும்பக் கெஞ்சி மற்றவரை வாங்கவைக்கிறார். உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அங்கே கேள்வி, இந்த ஆளுக்கு ஏற்கெனவே அந்த மனப்போக்கு இருந்ததா என்பது. கனடாவில் 1988ஆம் ஆண்டின் மேக் வழக்குக்குப் பிறகு கேள்வி காவல்துறையை நோக்கித் திரும்பியது: நியாயமான சந்தேகம் வருவதற்கு முன்பே வாய்ப்பை நீட்டினார்களா? 2020இல் தொலைபேசி வழி விற்பனை வழக்குகளிலும், சந்தேகம் முதலில், கேட்பது பிறகு என்று உறுதி செய்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் ரிட்ஜ்வே வழக்கு நம் பக்கத்து வீட்டு விவகாரம். மலேசியக் காவல்துறை அதிகாரி ஒருவரும் துப்புக் கொடுப்பவர் ஒருவரும் ஆஸ்திரேலிய அதிகாரிகளுக்குத் தெரிந்தே சுமார் 140 கிராம் ஹெராயினை அடிலெய்டுக்குக் கொண்டுபோய் ரிட்ஜ்வேயிடம் கொடுத்தார்கள். 1995இல் அங்குள்ள உயர் நீதிமன்றம், பொறிவைத்தல் தற்காப்பு அல்ல என்றது; ஆனால் இறக்குமதி என்ற குற்றத்தையே காவல்துறை சட்டவிரோதமாக நடத்தியிருப்பதால், பொதுநலன் கருதி அந்தச் சாட்சியத்தை ஒதுக்கித் தீர்ப்பை ரத்து செய்தது. உடனே நாடாளுமன்றம் அத்தகைய நடவடிக்கைகளுக்குச் சட்ட அனுமதி தரும் விதிகளை இயற்றியது. ஜொகூர் பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் இந்தச் சிக்கலே எழாது. அங்கே 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 40ஏ பிரிவு, தூண்டும் முகவரின் சாட்சியம் ஏற்கத்தக்கதே என்று எழுதியே வைத்திருக்கிறது.

ஆக, இணையத்தில் படிக்கும் ‘பொறிவைத்தல் தற்காப்பு’ எல்லாம் வேறு ஊர்ச் சரக்கு.

இங்கே சட்டம் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்று பார்க்க ஒரு கற்பனை உரையாடல். டெலிகிராமில் ஒருவர் எழுதுகிறார்:

“அண்ணே, ரெண்டு பாக்கெட் ஏற்பாடு பண்ண முடியுமா?”

“இல்ல தம்பி, நான் இப்ப அதுல இல்ல.”

சில நாள் கழித்து: “அண்ணே, உடம்பு முடியல. உங்கள விட்டா எனக்கு யாரும் இல்ல.”

“சரி, நாளைக்கு காலாங் வா. ரெண்டு தரேன்.”

குற்றம் அந்தக் கடைசி வரியிலேயே முழுமை அடைந்துவிடலாம். போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் கடத்தல் என்பது விற்பது மட்டுமல்ல. கொடுப்பது, கொண்டுபோவது, அனுப்புவது, விநியோகிப்பது எல்லாம் அதில் அடங்கும். அவற்றைச் செய்வதாகச் சொல்வதும், அதற்கான ஆயத்தம் செய்வதும்கூட அடங்கும். பணம் கைமாற வேண்டியதில்லை. லாபம் தேவையில்லை. நண்பனுக்கு இனாமாகக் கொடுத்தாலும் கடத்தல்தான். கனடாவில் என்றால் முதலில் கேட்டது யார், எத்தனை முறை கேட்டார், இரக்கத்தைத் தூண்டினாரா என்று ஒவ்வொரு வரியையும் புரட்டிப் பார்த்திருப்பார்கள். இங்கே முதல் மூன்று வரிகள் பின்னணி, நான்காவதுதான் வழக்கு.

எடைதான் அடுத்தது. சிங்கப்பூரில் தூண்டுதல் உண்மையில் அநியாயம் செய்யக்கூடிய இடம் இதுதான் என்பது என் கருத்து. ஹெராயினில் கணக்கு மொத்தத் தூளின் எடையை வைத்து அல்ல, அதிலுள்ள போதைச் சத்தான சுத்தமான டயாமார்ஃபினை வைத்து. அதைச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஆய்வகம் அளந்து சொல்லும். 2 கிராமைத் தாண்டி வைத்திருந்தால் அது கடத்துவதற்கே என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. 10 கிராம் வரை குறைந்தது 5 ஆண்டுச் சிறை, 5 பிரம்படி. 10ஐத் தாண்டினால் குறைந்தது 20 ஆண்டு, 15 பிரம்படி. 15ஐத் தாண்டினால் மரண தண்டனை. கஞ்சாவுக்கு அந்தக் கோடு 500 கிராம், ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமினுக்கு 250, கொக்கேய்னுக்கு 30. மாறுவேட அதிகாரி ‘ஒன்று போதாது, இரண்டாகக் கொண்டு வா’ என்றால், அந்த ஒரு வார்த்தை ஆளை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தள்ளிவிடும். வெளியில் பார்த்தால் ஒரு பொட்டலம் 400 கிராமுக்கு மேல் எடையுள்ள பழுப்புத் தூள். உள்ளே சுத்தமான சரக்கு பத்துச் சொச்சம் கிராம். கொண்டுவருபவருக்கு அதில் எத்தனை கிராம் டயாமார்ஃபின் என்று தெரிய வாய்ப்பே இல்லை. தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. போதைப்பொருளின் தன்மை தெரிந்தால் போதும்.

குற்றப்பத்திரிகைகளில் ‘14.99 கிராமுக்குக் குறையாத டயாமார்ஃபின்’ என்ற எண் அடிக்கடி வரும். கஞ்சா என்றால் 499.9. ஆய்வகம் தற்செயலாக அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதில்லை. அரசுத் தரப்பு மரண தண்டனைக் கோட்டுக்கு ஒரு நூலிழை கீழே குற்றச்சாட்டை வைக்க முடிவு செய்ததன் அடையாளம் அது. அந்த முடிவுக்கான காரணங்களை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. 2012இல் ராமலிங்கம் ரவிந்திரன் வழக்கில் இதை எதிர்த்தபோது, அந்த அதிகாரம் முறையாகவே பயன்படுத்தப்பட்டது என்று கருதப்படும், இல்லை என்று காட்டுவது எதிர்ப்பவரின் பாரம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பொறிவைத்தல் வாதத்தை நீதிமன்றத்திலிருந்து எடுத்து ஓர் அலுவலக மேசைமேல் வைத்திருக்கிறோம். அங்கே அது நியாயமாகப் பரிசீலிக்கப்படக்கூடும்; ஆனால் எப்படிப் பரிசீலிக்கப்பட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவராது. எனக்கு இது உறுத்துகிறது. 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சட்ட தர்க்கத்தில் ஓட்டை காண்பது கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு முரண் போதைப்பொருள் சட்டத்தின் 33பி பிரிவில் இருக்கிறது. 2013 முதல், மரண தண்டனைக்குப் பதிலாக ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு வழி உண்டு. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: ஆள் வெறுமனே கொண்டுபோய்க் கொடுப்பவராக, அதாவது கூரியராக மட்டும் இருந்திருக்க வேண்டும், கடத்தலை முறியடிக்க மத்தியப் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் தர வேண்டும். மனநலக் குறைபாட்டின் அடிப்படையில் ஆயுள் சிறை கேட்பவரும் முதலில் கூரியர் என்று காட்டியாக வேண்டும். மாறுவேட அதிகாரியிடம் விலை பேசி விற்றவர் கூரியர் அல்ல, விற்பனையாளர். பெரிய பொட்டலத்தைப் பிரித்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டியவருக்கும் அந்த வழி அடைபடும் என்று வேறு வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பொறியில் சிக்கிய சிறு விற்பனையாளருக்கு, யாரோ தந்ததை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவந்தவருக்குக் கிடைக்கும் அந்தக் குறுகிய சந்துகூடக் கிடைக்காமல் போகலாம்.

பெரும்பாலான சேதம் நடப்பது வாக்குமூலத்தில். கைதானவுடன் சம்பவ இடத்திலேயே கேள்வி பதிலாக ஒன்றை எழுதுவார்கள். பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி நீண்ட வாக்குமூலங்கள். 23ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ‘சொல்ல வேண்டிய தற்காப்பை இப்போது சொல்லாவிட்டால் பிறகு நம்பப்படாமல் போகலாம்’ என்ற எச்சரிக்கையோடு இன்னொன்று. வழக்கறிஞரை நாடும் உரிமை உண்டு, ஆனால் நியாயமான காலத்துக்குள் என்றுதான்; வாக்குமூலம் எழுதும் மேசையில் அவர் இருக்கமாட்டார். தனக்கு எதிராகக் குற்றச்சாட்டு எழக்கூடிய எதையும் சொல்லத் தேவையில்லை என்று 22ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் அந்த அறையில் பெரும்பாலானோர் பேசிவிடுகிறார்கள். தூண்டப்பட்டவர் ஆத்திரத்தில் முதலில் சொல்வது என்ன? “அவன் பத்துத் தடவை கேட்டான் சார், தொல்லை தாங்காம வாங்கிக் கொடுத்தேன்.” அறிவு, செயல், நோக்கம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அச்சுறுத்தலோ ஆசைகாட்டலோ இல்லாமல் சொன்னது என்றால் அது அப்படியே சாட்சியம்.

தமிழில் பேசுபவருக்கு மொழிபெயர்ப்பாளர் வருவார்; கையெழுத்துக்கு முன் வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டுவார். தவறாக எழுதப்பட்டதைத் திருத்தச் சொல்ல அதுதான் தருணம். பேச்சு வேகத்தில் ‘சாமான்’ என்று சொன்னது தாளில் ‘ஹெராயின்’ என்று போயிருந்தால், இரண்டு ஆண்டு கழித்து உயர் நீதிமன்றத்தில் அதை மாற்றுவது குதிரைக்கொம்பு. தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவது இங்கே நடக்கிற மிகச் சாதாரணமான தவறு.

தற்காப்பாக இல்லாவிட்டாலும் அதே உண்மைகள் சில இடங்களில் பயன்படும். வசத்தில் இருந்ததில் எவ்வளவு விற்பதற்கு, எவ்வளவு சொந்த உபயோகத்துக்கு என்ற சண்டையில், மாறுவேட அதிகாரி கேட்ட அளவு எவ்வளவு என்பது முக்கியம். வேறொருவர் வைக்கச் சொன்னதை அவரிடமே திருப்பிக் கொடுப்பது கடத்தல் ஆகாது என்று 2019இல் ரமேஷ் பெருமாள் வழக்கில் தீர்ப்பானது. பிறகு வந்த தீர்ப்புகள் விநியோகச் சங்கிலியில் ஓர் அங்கமாக வைத்திருந்தவருக்கு அது பொருந்தாது என்று குறுக்கின. போதைப்பொருள் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கடத்தல் அனுமானத்தையும் 18ஆம் பிரிவின் வசம், அறிவு பற்றிய அனுமானங்களையும் அரசுத் தரப்பு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியாது என்பதும் 2018இலிருந்து சட்டம். நல்ல வழக்கறிஞர் முதலில் பார்ப்பது, அரசுத் தரப்பு இவற்றில் எதைச் சார்ந்து நிற்கிறது என்பதைத்தான்.

மிரட்டல் இருந்தால் அது தனி வழி. குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, உடனடி மரணம் நேரும் என்ற அச்சத்தில் செய்ததை மன்னிக்கும். ‘கடனைத் திருப்பித் தராவிட்டால் பார்த்துக்கொள்கிறேன்’ என்பது அந்த அளவுக்கு எட்டாது.

துப்புக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் பதில் வராது. போதைப்பொருள் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவர் பெயரையும் முகவரியையும் காக்கிறது; விலக்குகள் குறுகியவை. ஆனால் 2011ஆம் ஆண்டின் காடார் தீர்ப்புக்குப் பிறகு, தற்காப்புக்கு உதவக்கூடிய, நம்பத்தக்க, பயன்படுத்தப்படாத ஆவணங்களை அரசுத் தரப்பு தானாகவே வெளிப்படுத்த வேண்டும். 2020ஆம் ஆண்டின் நபில் தீர்ப்பு இன்னும் ஓர் அடி போனது: முக்கியச் சாட்சியின் வாக்குமூலத்தை, அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாவிட்டாலும், தற்காப்புத் தரப்புக்குத் தர வேண்டும். தூண்டியவரே முக்கியச் சாட்சி என்றால் இந்த இரண்டு விதிகளும் நேருக்கு நேர் மோதும். வழக்கறிஞர் எழுத்தில் கேட்டு, மறுப்பையும் எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.

மரண தண்டனை வழக்கு என்றால் வழக்கறிஞர் கட்டணம் பற்றிக் குடும்பம் கவலைப்பட வேண்டாம். உச்ச நீதிமன்றம் நடத்தும் திட்டத்தின்கீழ், வருமானச் சோதனை இல்லாமல், வெளிநாட்டவருக்கும் வழக்கறிஞர்கள் நியமிக்கப்படுவார்கள். மற்ற வழக்குகளில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2022இல் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தை அணுகலாம். வருமான வரம்பு உண்டு. குடும்பம் செய்யக்கூடியது, தங்களிடம் இருக்கும் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது: யார் முதலில் எழுதினார், எந்த அளவைக் கேட்டார், எத்தனை முறை மறுப்பு வந்தது என்ற தேதிவாரியான பதிவு. தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு மனு எழுதும்போது வழக்கறிஞர் கைக்கு வேண்டியது அதுதான். மனுவைக் கூடிய சீக்கிரம், ஆய்வக அறிக்கை வந்து குற்றச்சாட்டின் எடை இறுதியாக முடிவாவதை ஒட்டி அனுப்புவது நல்லது. விசாரணை தொடங்கிய பிறகும் அனுப்பலாம். ஆனால் சாட்சிகள் கூண்டில் ஏறிப் பேசிவிட்ட பிறகு எண்ணை 14.99க்கு இறக்கச் சொல்லிக் கேட்பதற்கு அரசுத் தரப்பிடம் காரணங்கள் குறைந்துகொண்டே போகும்.